டாக்டர் பட்டம் நம் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதா?



கோலா தெர்லாவில் ஒரு தகப்பனாரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மகள் பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்து முடிக்கப் போகிறாள். "ஆராய்ச்சி செஞ்சு டாக்டர் பட்டம் வாங்கணும்ங்கிறா. இன்னும் எத்தனை வருஷம்தான் நான் பணம் கட்டுறது? போதும், வேலைக்குப் போகட்டும்" என்றார். அவர்மேல் குற்றமில்லை. தோட்டப் பள்ளியோடு நின்றுவிட்ட எனக்கும் வெகுநாள் விவரம் தெரியாது.

விவரம் இதுதான். விஞ்ஞான ஆராய்ச்சி ஆய்வுக்கூடத்தில் மூன்று, நான்கு ஆண்டு செய்கிற உழைப்பு. அதற்குக் கூலியும் உண்டு. பேராசிரியருக்குக் கிடைக்கும் ஆராய்ச்சி மானியத்திலிருந்து, உதவியாளராகச் சேரும் மாணவருக்கு மாதப்படி கொடுப்பது நம் நாட்டிலும் வழக்கம். அமெரிக்காவில் இரசாயனம், உயிரியல் துறைகளில் பெரும்பாலும் கட்டணம் தள்ளுபடி, கைச்செலவுக்கும் பணம். ஐந்தாறு ஆண்டு பிடிக்கும், ஆனால் முதல் பட்டத்தோடே சேரலாம். போட்டி கடுமைதான். மாதப்படியும் நல்ல உத்தியோகத்துச் சம்பளத்துக்கு ஈடாகாது. ஆனாலும் தகப்பன் கடன்பட வேண்டியதில்லை.

"அதெல்லாம் நமக்குப் புரியாத சமாச்சாரம்" என்பீர்கள். ஏன் புரியாது? ஆலையில் கொழுந்தை வாட்டி, கசக்கி, பரப்பி வைத்தால் பச்சை இலை பழுப்பாகிறதே, எதனால்? இலைக்குள் இருக்கும் ஒரு புரதம், காற்றிலுள்ள பிராணவாயுவைச் சேர்த்து இலையின் துவர்ப்புப் பொருளை மாற்றுகிறது. அந்தப் புரதத்துக்குள் செம்பு அணுக்கள் இருக்கின்றன. இத்தகைய புரதம் எப்படி மடிந்திருக்கிறது, எந்த அணு எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சிக் கண்டுபிடிப்பதற்குத்தான் அமைப்பு உயிரியல் என்று பெயர். நாம் கையால் செய்வதன் காரணத்தை நம் பிள்ளை ஆராயக்கூடாதா?

சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் இந்தத் துறையில்தான் 2009-ல் இரசாயன நோபல் பரிசை இருவரோடு பகிர்ந்துகொண்டார். உயிரணுவுக்குள் புரதம் செய்யும் பட்டறையான ரைபோசோமின் அமைப்பைக் கண்டவர்களில் அவர் ஒருவர். 1976-ல் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும், உயிரியல் கற்க மறுபடி மாணவராகச் சேர்ந்தவர்.

ஒன்று கவனியுங்கள். அவருடைய தாயும் தகப்பனும் விஞ்ஞானிகள். எந்தக் கதவைத் தட்டுவது என்று வீட்டிலேயே சொல்ல ஆள் இருந்தது. நம் பிள்ளைக்கு மூளை குறைவா? இல்லை. வழி சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆளாகச் சங்கம் இருக்க வேண்டும். கிளைக் கூட்டத்தில் சம்பளம், வீடு, தண்ணீர் பற்றிப் பேசுகிறோம். இதையும் பேசுவோம். படித்து முடிக்கும் பிள்ளைகளின் பெயர்களைக் கிளைச் செயலாளர் எழுதி வைக்கட்டும். பட்டம் பெற்ற நம் பிள்ளைகளை அழைத்து வழி கேட்போம்.

அந்தத் தகப்பனாருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். "வேண்டாம்" என்று சொல்லுமுன், மகள் பேராசிரியரிடம் மூன்று கேள்வி கேட்கட்டும்: மானியத்தில் இடம் உண்டா? மாதப்படி எவ்வளவு? எத்தனை மாதத்துக்கு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சம்பள ஒப்பந்தத்தில் நாம் படித்த பாடம் அதுதானே!