அன்னபேதிக் குளம்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் இரவு, குவாஹாத்தியிலிருந்து என் பெரியம்மா மகன் தொலைபேசியில் அழைத்தார். "நீ மொழிபெயர்ப்பாளன்தானேடா? ஒரு டப்பா மேலே எழுதியிருக்கிறதைப் படிக்கிறேன், அர்த்தம் சொல்லு." படித்தார். ஆங்கிலம்தான். இருவருக்கும் ஆங்கிலம் தெரியும். இருவருக்கும் புரியவில்லை.

அண்ணன் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் திரும்பாமல் அங்கேயே வீடு கட்டிக்கொண்டார். அண்ணிக்கு மூட்டுவலி. தண்ணீரில் நின்று பயிற்சி செய்தால் நல்லது என்று மருத்துவர் சொல்ல, வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நீச்சல் குளம். நீளம் 8 மீட்டர், அகலம் 4, சராசரி ஆழம் 1.2. குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் நாட்டில் வீட்டுக்குள் ஒரு குளமா என்ற உறுத்தல் எனக்கு உண்டு. அண்ணி மாடிப்படி ஏறுவதைப் பார்த்தால் வாய் எழாது.

குளிர்காலம் முழுக்க குளத்தைத் தார்ப்பாயால் மூடிவிடுவார்கள். ஏப்ரல் நடுவில் ரொங்காலி பிஹு வரும்போது திறப்பு. முதல் ஆண்டு லாரித் தண்ணீர். இரண்டாம் ஆண்டு, 'நம் போர்வெல் இருக்கும்போது காசு எதற்கு?' என்று அதிலிருந்தே நிரப்பினார்கள். கண்ணாடி மாதிரி இருந்ததாம். மாலையில் பிளீச்சிங் பவுடரை மொத்தமாகக் கொட்டினார்கள். காலையில் பார்த்தால் குளம் முழுக்க டீ டிகாக்‌ஷன். இரண்டு நாளில் தண்ணீர் தெளிந்தது. நிறம் மட்டும் சுவரிலும் தரையிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

தோட்டத்தையும் குளத்தையும் பார்த்துக்கொள்ள ஒரு பையன் இருக்கிறான். நல்பாரிப் பக்கத்துக்காரன். அவன்தான் எதையோ கொட்டிவிட்டான் என்று முடிவாயிற்று. சம்பளத்தில் பிடித்தமும் ஆயிற்று.

கொட்டியது அவனல்ல, மோட்டார். பூமிக்கடியில், காற்றுப் படாத இடத்தில், இரும்பு நிறமே இல்லாமல் நீரில் கரைந்து கிடக்கும். காற்றோ குளோரினோ பட்டதும் துருவாக மாறும். துரு கரையாது. இடம் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் இரும்பைத் தாண்டினாலே துணியும் குழாயும் கறைபடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாங்கனீசுக்கு 0.1 போதும். அது கறுப்பாகப் படியும். அண்ணன் பிற்பாடு சோதித்துப் பார்த்தபோது போர்வெல் தண்ணீரில் இரும்பு லிட்டருக்கு 3 மில்லிகிராம். குளம் 38,400 லிட்டர். பெருக்கினால் 115 கிராம். ஒரு கைப்பிடி ஆணியைக் குளத்தில் கரைத்துவிட்டு, அதை ஒரே இரவில் துருவாக்கியிருக்கிறார்கள்.

அஸ்ஸாமில் நிலத்தடி நீரில் இரும்பு மிகுதி என்பது எந்தக் குடும்பத் தலைவிக்கும் தெரிந்த விஷயம். வெள்ளைத் துணி பழுப்பாகும். அந்தத் தண்ணீரில் தேநீர் போட்டால் மை மாதிரி கறுக்கும். மை என்பது உவமையே அல்ல. நம் பழைய மைக்கூட்டில் கடுக்காயும் அன்னபேதியும் சேரும். கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியில் உள்ள இரும்பும் கூடினால் கறுப்பு. ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரியிலும் இதே கதைதான். கடுக்காய்ச் சாற்றில் நனைத்த துணிமேல், துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துப் புளிக்கவைத்த நீரால் கோடிழுத்தால், தொட்ட இடம் கறுக்கும். அண்ணன் வீட்டுக் குளத்தில் இலைகள் அமிழ்ந்து கிடந்த இடங்களில் இலை வடிவிலேயே கருந்தடங்கள் இருந்தன. யாரும் கேட்காமல் வந்த கலம்காரி.

சிரிப்பதற்கில்லாத பகுதி இனிமேல்தான். கறையை எடுக்கக் கடையில் ஆசிட் வாங்கிவந்தார்கள். நீரை இறைத்துவிட்டு, பையனை உள்ளே இறக்கினார்கள். கரையாத பிளீச்சிங் பவுடர் ஒரு மூலையில் படிந்திருந்தது. அதன் மேல் ஆசிட் பட்டால் கிளம்புவது குளோரின் வாயு. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில்தான் தங்கும். பையன் இருமிக்கொண்டே ஏணியைப் பிடித்து ஏறிவிட்டான். இரண்டு நாள் மருத்துவமனை. பிழைத்தது அதிர்ஷ்டம். பொறியியல் படித்தவர் வீட்டில் இது நடந்தது. அண்ணன் அதன் பிறகு சம்பளப் பிடித்தத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதற்குப் பிறகுதான் அந்த டப்பாவும் தொலைபேசியும். டப்பாவில் இருந்த சொல் 'சீக்வெஸ்ட்ரன்ட்'. நீதிமன்றத்தில் சொத்தை முடக்கிவைப்பதற்கும் இதே வேர்ச்சொல்தான். நம் வேதியியல் பாடநூல் தரும் சொல் இன்னும் அழகு: கொடுக்கிணைப்பு. நண்டு தன் கொடுக்கால் கவ்வுவதுபோல இந்த மருந்து இரும்பு அயனியைக் கவ்விக்கொள்ளும். கவ்வப்பட்ட இரும்பு துருவாகிப் படியாமல் நீரிலேயே மிதக்கும். "அப்போ இரும்பு போயிடாதா?" என்றார் அண்ணன். போகாது. முடக்கம்தான், பறிமுதல் அல்ல. குளோரின் இந்த மருந்தையும் மெல்ல அரித்துவிடும் என்பதால் அவ்வப்போது மறுபடி ஊற்றவேண்டும்.

வரிசைதான் முக்கியம். முதலில் இலை, சருகு எல்லாம் வெளியே. பிறகு நீரை நிரப்பி, பி.எச். அளவை 7.2லிருந்து 7.4க்குள் வைத்து, மருந்தை ஊற்றி, ஒரு பகலும் இரவும் பம்பை ஓடவிட வேண்டும். குளோரின் அதற்கப்புறம், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பாசிக்கு மயில்துத்தம் போடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுவது நல்லது. அது தாமிரம், நீலப்பச்சையாகப் படியும். வெளிநாட்டில் பொன்னிறக் கூந்தல்காரர்கள் தலை பச்சையாகிவிட்டது என்று குளோரினைத் திட்டுவார்கள். குற்றவாளி இந்தத் தாமிரம்தான்.

ஏற்கெனவே படிந்த கறைக்கு மருந்துக்கடையில் வைட்டமின் சி மாத்திரை வாங்கி, கறைமேல் வைத்துச் சிறிது நேரம் தேய்க்கலாம். வெளுத்தால் இரும்பு. அப்படியானால் அதே பொருளைத் தூளாக வாங்கி நீரில் கலந்தால் சுவர் முழுக்க வெளுக்கும். அது குளோரினைத் தின்றுவிடும் என்பதால், குளோரின் குறைந்திருக்கும்போது செய்ய வேண்டும். சுவரை விட்ட இரும்பு திரும்ப நீருக்குள் வந்திருக்கும், ஆகவே கையோடு கொடுக்கிணைப்பு மருந்தும் வேண்டும்.

இத்தனையையும் நான் படித்துப் படித்துச் சொல்லி முடித்தபோது, பக்கத்தில் நின்ற பையன் ஏதோ சொன்னானாம். அவன் அம்மா வீட்டில் இரண்டு டிரம் இருக்கிறது. மேல் டிரம்மில் மணல், கரி, மறுபடி மணல். அடிபம்புத் தண்ணீரைச் சொரிந்துவிட்டால் காற்றுப் பட்டுத் துருவாகி மணலில் நின்றுவிடும், கீழே தெளிந்த நீர் வரும். அஸ்ஸாம் கிராமங்களில் வெகுகாலமாக உள்ள ஏற்பாடு. துரு எப்படியும் உண்டாகத்தான் போகிறதென்றால், குளத்துக்கு வெளியே உண்டாகட்டும். இதைவிடச் சுருக்கமாக எந்தக் கையேடும் சொல்லவில்லை. அவனிடம் முதலில் யாரும் கேட்கவுமில்லை.

அடுத்த ஆண்டு பெரிய தொட்டியாக நான்கு வைத்து, குளத்தை நிரப்ப இரண்டு வாரம் ஆயிற்று. பிஹு தாண்டிவிட்டது, அண்ணிதான் முணுமுணுத்தார். மணலைக் கழுவியபோது வந்த சேறு செங்கல் நிறம். மிச்சம் நின்ற கொஞ்சத்துக்கு அந்த டப்பா மருந்து பாதி போதுமானதாக இருந்தது.

இப்போது பவுடர் டப்பா ஓர் அறையில், ஆசிட் கேன் வேறோர் அறையில். இரண்டின் மேலும் பையன் சிவப்பு மையால் அஸ்ஸாமியில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறான். அண்ணன் இன்னும் எழுத்துக்கூட்டித்தான் அதைப் படிக்கிறார்.