கேட் தேர்வில் கவிழ்க்கும் அந்த 40 நிமிடங்கள்: லாஜிக் புதிர்களில் எதை எடுப்பது, எதை விடுவது?

நவம்பர் கடைசி ஞாயிறு. தேர்வு மையத்தில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆங்கிலப் பகுதிக்கான 40 நிமிடம் முடிந்ததும் திரை தானாகவே அடுத்த பகுதிக்குத் தாவுகிறது. பின்னால் போக முடியாது, முன்னால் ஓடவும் முடியாது. இனி 40 நிமிடத்துக்கு இந்த ஐந்து புதிர்கள்தான். முதல் புதிரில் ஆறு பேர், நான்கு நகரங்கள், பாதி காலியான ஒரு அட்டவணை, எட்டு குறிப்புகள். படிக்கிறீர்கள், மறுபடியும் படிக்கிறீர்கள். கடிகாரத்தைப் பார்த்தால் 11 நிமிடம் போயிருக்கிறது. ஒரு விடைகூட வரவில்லை.

கேட் எழுதிய யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொல்வார்கள். (பொறியாளர்கள் எம்.டெக்குக்கு எழுதும் கேட் வேறு. இங்கே பேசுவது ஐஐஎம்கள் நடத்தும் காமன் அட்மிஷன் டெஸ்ட் பற்றி.) அலுவலகத்தில் எக்செல் ஷீட்டும் டெட்லைனுமாக வாழ்கிறவர்கள், கணக்கில் புலி என்று பெயர் வாங்கியவர்கள்கூட டிஐஎல்ஆர் என்ற இந்த நடுப்பகுதியில் சறுக்குகிறார்கள். டிஐஎல்ஆர் என்றால் டேட்டா இன்டர்பிரிடேஷன், லாஜிக்கல் ரீசனிங் இரண்டும் சேர்ந்தது.

சறுக்கினால் என்ன, மற்ற இரண்டு பகுதிகளில் ஈடுகட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பெரும்பாலான ஐஐஎம்கள் மொத்த பெர்சன்டைலோடு ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் குறைந்தபட்ச பெர்சன்டைல் வைத்திருக்கின்றன. அது நிறுவனத்துக்கு நிறுவனம், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் பிரிவு மாறும். மொத்தத்தில் 98 வாங்கிவிட்டு, டிஐஎல்ஆரில் மட்டும் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றால், அந்த ஐஐஎம்மிலிருந்து உங்களுக்கு இன்டர்வியூ அழைப்பு வராது. ஒரு வருட உழைப்பு ஒரு பகுதியால் போயிடும்.

எப்படி இவ்வளவு இறுக்கமானது?

2009 வரை தாளும் பென்சிலுமாக இருந்த தேர்வு, அந்த ஆண்டுதான் கணினிக்கு மாறியது. 2015-ல் இன்றைய மூன்று பகுதி வடிவம் வந்தது: 180 நிமிடம், 100 கேள்விகள், அதில் டிஐஎல்ஆருக்கு 32 கேள்விகளும் 60 நிமிடமும். 2020-ல் கொரோனா காலத்தில் ஒரே நாளில் மூன்று ஷிஃப்டுகளாக நடத்துவதற்காகத் தேர்வை 120 நிமிடமாகச் சுருக்கினார்கள். பகுதிக்கு 40 நிமிடம். கொரோனா போய்விட்டது, 40 நிமிடம் மட்டும் போகவில்லை. 2024 தேர்வில் டிஐஎல்ஆரில் 22 கேள்விகள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். ஆப்ஷன் உள்ள கேள்வியில் தவறினால் 1 மதிப்பெண் கழியும், நாமே விடையை டைப் செய்யும் கேள்விகளில் கழிப்பு இல்லை.

ஐந்து புதிர்களுக்கு 40 நிமிடம் என்றால் புதிருக்கு 8 நிமிடம். இந்த வகுத்தல் கணக்கை நம்பி உள்ளே போகிறவர்கள்தான் முதலில் மாட்டுகிறார்கள். ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு சின்னப் புதிரைப் போட்டுப் பார்ப்போம். பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பேர், ஐந்து நாள்

ஒரு டீமில் அமுதா, பாலா, செல்வி, தாமஸ், இர்ஃபான் என ஐந்து பேர். திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒருவர் வீதம் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறார்கள். குறிப்புகள் நான்கு. ஒன்று, அமுதாவின் நாளுக்கும் அதற்குப் பிறகு வரும் செல்வியின் நாளுக்கும் நடுவே சரியாக ஒரு நாள் இருக்கிறது. இரண்டு, தாமஸுக்குத் திங்களும் இல்லை, வெள்ளியும் இல்லை. மூன்று, பாலாவும் இர்ஃபானும் அடுத்தடுத்த நாட்களில் இல்லை. நான்கு, இர்ஃபானின் நாள் செல்வியின் நாளுக்குப் பிறகு வருகிறது.

எங்கே தொடங்குவது? பலரும் முதலில் தாமஸைப் பிடிப்பார்கள். திங்கள் இல்லை, வெள்ளி இல்லை என்று இரண்டு நாட்கள் அடிபடுகிறதே! ஆனால் அப்புறமும் அவருக்கு மூன்று நாட்கள் மிச்சம், அவரை வைத்து வேறு யாரும் நகர மாட்டார்கள். முதல் குறிப்பைப் பாருங்கள். அது இரண்டு பேரைச் சேர்த்துக் கட்டிப்போடுகிறது. அமுதா திங்கள் என்றால் செல்வி புதன், செவ்வாய் என்றால் வியாழன், புதன் என்றால் வெள்ளி. மொத்தமே மூன்று வழிதான். அதில் மூன்றாவது உடனே செத்துவிடும். செல்வி வெள்ளிக்கிழமை என்றால் அதற்குப் பிறகு இர்ஃபானுக்கு நாள் ஏது?

அமுதா செவ்வாய், செல்வி வியாழன் என்று வையுங்கள். இர்ஃபானுக்கு வெள்ளி மட்டுமே மிச்சம். திங்களும் புதனும் பாக்கி, தாமஸுக்குத் திங்கள் கூடாது. ஆக தாமஸ் புதன், பாலா திங்கள். எல்லாம் பொருந்துகிறது.

அமுதா திங்கள், செல்வி புதன் என்றால் இர்ஃபானுக்கு வியாழன் அல்லது வெள்ளி. வியாழன் என்றால் தாமஸ் செவ்வாய்க்குப் போக வேண்டும், பாலா வெள்ளியில் நிற்பார். இர்ஃபானும் பாலாவும் ஒட்டிக்கொண்டார்கள், தள்ளு. வெள்ளி என்றால் பாலா வியாழனில் இருக்க முடியாது. எனவே பாலா செவ்வாய், தாமஸ் வியாழன். இதுவும் பொருந்துகிறது.

இப்போது கையில் இரண்டு விடைகள். பாலா, அமுதா, தாமஸ், செல்வி, இர்ஃபான் என்ற வரிசை ஒன்று. அமுதா, பாலா, செல்வி, தாமஸ், இர்ஃபான் என்பது மற்றொன்று.

இந்த இடத்தில்தான் பதற்றம் வரும். ‘ஒரே விடைதானே வரணும், எங்கேயோ தப்பு பண்ணிட்டேன்’ என்று மறுபடியும் முதலிலிருந்து படிக்க ஆரம்பிப்போம். வங்கித் தேர்வுக்குத் தயாரானவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். அங்கே வட்ட மேசையில் எட்டுப் பேரை உட்காரவைத்தால் பெரும்பாலும் ஒரே ஒரு வரிசைதான் வரும். கேட்டில் அப்படி அல்ல. இரண்டு மூன்று சாத்தியங்களை வேண்டுமென்றே திறந்து விட்டுவிட்டு, அவற்றை வைத்துக் கேள்வி கேட்பார்கள். ‘வெள்ளிக்கிழமை யார்?’ என்றால் இரண்டு வரிசையிலும் இர்ஃபான். ‘தாமஸ் செவ்வாயில் இருக்க முடியுமா?’ என்றால் இரண்டிலும் முடியாது. ‘செல்விக்கு அடுத்த நாளே தாமஸ் என்றால், திங்கள் யார்?’ இரண்டாவது வரிசை மட்டுமே நிற்கும், விடை அமுதா. மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டது, ‘முழு விடை’ கிடைக்காமலேயே.

மறைந்திருக்கும் கூட்டுத்தொகை

இன்னொரு வகை, போட்டிப் பட்டியல். நான்கு கேரம் அணிகள், ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடும் ஒருமுறை மோதுகிறது. வென்றால் 2 புள்ளி, டிரா கிடையாது. ஒரு அணிக்கு 6 புள்ளி, இரண்டு அணிகளுக்குத் தலா 2. நான்காவது அணிக்கு எத்தனை? எந்த ஆட்டத்தின் முடிவையும் சொல்லவே இல்லையே என்று தோன்றும். ஆனால் மொத்தம் 6 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 2 புள்ளி, ஆக 12 புள்ளி எங்கேயும் போகாது. மிச்சம் 2. அதோடு நிற்கவில்லை. 6 புள்ளி அணி எல்லோரையும் அடித்திருக்கிறது என்றால், மற்ற மூன்றும் தங்களுக்குள் தலா ஒரு வெற்றி பெற்றிருக்கின்றன. அவற்றில் ஒரு ஆட்டத்தின் முடிவைச் சொன்னால் போதும், மற்ற இரண்டும் தானாக விழுந்துவிடும்.

பாத்திரம் கழுவும்போது யோசித்துப் பாருங்கள், சட்டென்று பிடிபடும். தேர்வு அறையில் பிடிபடாமல் போவதற்குக் காரணம், அங்கே நாம் ஒவ்வொரு குறிப்பாகத் துரத்திக்கொண்டு ஓடுகிறோம். மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க நிற்பதில்லை. அட்டவணை கொடுத்தால் வரிசைக் கூட்டுத்தொகை, பத்திக் கூட்டுத்தொகை இரண்டையும் ஓரத்தில் எழுதுவதுதான் முதல் வேலை.

சரி, எதை விடுவது?

8 நிமிடக் கணக்குக்கு வருவோம். ஐந்து புதிர்களும் ஒரே கடினம் இல்லை. எளிதான ஒன்றிரண்டு, நடுத்தரம் ஒன்றிரண்டு, தொடவே கூடாதது ஒன்று என்ற கலவைதான் வழக்கம். ஆனால் எது எது என்று எழுதி வைத்திருக்க மாட்டார்கள். முதல் 4-5 நிமிடத்தை ஐந்தையும் புரட்டிப் பார்க்கச் செலவிட்டால் மிச்சம் 35 நிமிடம். அதில் மூன்று புதிர்களை எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் 11 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். புதிருக்கு நான்கைந்து கேள்விகள் என்பதால், மூன்று புதிரில் 12 முதல் 14 கேள்விகள். எல்லாம் சரி என்றால் 66-க்கு 36 முதல் 42. பள்ளிக்கூடக் கணக்கில் இது சுமாரான மார்க். இங்கே மிக நல்ல மார்க். பெர்சன்டைல் என்பது உங்கள் மதிப்பெண் சதவீதம் இல்லை, உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்பது. 2024-ல் சுமார் 2.93 லட்சம் பேர் எழுதினார்கள். 99 பெர்சன்டைலுக்கு மேலே சுமார் 2,900 பேர் மட்டுமே.

புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் படகில் அக்கரைக்குக் கொண்டுபோகும் பழைய புதிர் ஞாபகம் இருக்கிறதா? அதில் எல்லோரும் திணறுவது ஒரே இடத்தில்தான். கொண்டுபோய்ச் சேர்த்த ஆட்டை மறுபடியும் இக்கரைக்கே எடுத்துவர வேண்டும். செய்த வேலையைத் திருப்பிச் செய்ய நமக்கு மனசு வருவதில்லை. டிஐஎல்ஆரில் 9 நிமிடம் செலவழித்த புதிரை விட்டு எழுந்து வருவதும் அதே வலிதான். ‘இவ்வளவு நேரம் போட்டாச்சு, இன்னும் ரெண்டு நிமிஷம்’ என்று உட்கார்ந்தால் 18 நிமிடம் போயிருக்கும். என்னைக் கேட்டால், ஏழாவது நிமிடத்தில் ஒரு கட்டம்கூட உறுதியாகவில்லை என்றால் வெளியே வந்துவிட வேண்டும்.

ஊகித்து அடிக்கலாமா? நான்கு ஆப்ஷனில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால், நான்கில் ஒன்று சரியாகி 3 கிடைக்கும், மூன்று தவறி 3 போகும். சராசரியில் பூஜ்யம். ஒரு ஆப்ஷனையாவது உறுதியாக நீக்க முடிந்தால் கணக்கு லேசாக உங்கள் பக்கம் சாயும். டைப் செய்யும் கேள்விகளைக் காலியாக விடுவதில் அர்த்தமே இல்லை.

‘டிக்கெட் கிடைத்தால் வருவேன்’

இந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். லாஜிக் புதிருக்கு மொழி தடையில்லை என்று சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘தீபாவளிக்கு டிக்கெட் கிடைத்தால் ஊருக்கு வருவேன்’ என்று நண்பர் சொன்னால், கிடைக்காவிட்டால் வரமாட்டார் என்றுதான் நாம் புரிந்துகொள்கிறோம். தர்க்கத்தில் அந்த வாக்கியம் அப்படிச் சொல்லவே இல்லை. டிக்கெட் கிடைக்காமல் பைக்கில்கூட வரலாம். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அவர் வரவில்லை என்றால் டிக்கெட் கிடைக்கவில்லை. ‘கிடைத்தால் மட்டுமே’ என்று மாற்றினால் அர்த்தம் தலைகீழ். வந்திருந்தால் டிக்கெட் கிடைத்திருக்கிறது, ஆனால் கிடைத்தும் வராமல் இருக்கலாம். பேச்சுப் புழக்கத்தில் நாம் கலந்துவிடும் இந்த இரண்டையும் ‘ஒன்லி இஃப்’, ‘அன்லெஸ்’, ‘அட் மோஸ்ட்’ போன்ற சொற்களில் ஒளித்துவைப்பார்கள். பள்ளியில் தமிழ்வழியில் படித்து, வேலையில் ஆங்கிலத்தைச் சமாளித்துக்கொண்டிருப்பவர் தோற்பது பல நேரம் புதிரிடம் இல்லை, இந்த ஒற்றைச் சொல்லிடம்.

யாருக்கு இது சாதகம் என்ற கேள்வியும் பழையது. 2024-ல் 100 பெர்சன்டைல் பெற்ற 14 பேரில் 13 பேர் ஆண்கள், 13 பேர் பொறியாளர்கள். லட்சக்கணக்கானவர்களில் 14 பேரை வைத்து முடிவுக்கு வர முடியாதுதான். ஆனால் ஐஐஎம்கள் பலவும் அழைப்புப் பட்டியல் தயாரிக்கும்போது பெண்களுக்கும் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் கூடுதல் புள்ளி கொடுப்பது, தேர்வு மதிப்பெண் மட்டும் போதாது என்று அவையே நினைப்பதைத்தானே காட்டுகிறது? திருச்சி ஐஐஎம் 2011-ல் வந்துவிட்டது, உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். நுழைவு வாசல் மட்டும் இந்த 40 நிமிடத்தின் வழியாகத்தான்.

வேலைக்குப் போய்க்கொண்டே தயாராகிறவர்களுக்கு, கோச்சிங்கில் பணம் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. முந்தைய ஆண்டுகளின் கேட் புதிர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் இரண்டு புதிர், நேரம் வைத்து. தீர்வைப் பார்ப்பதற்கு முன், விட்ட புதிரை நேரக் கணக்கில்லாமல் மறுபடியும் போட்டுப் பாருங்கள். நோட்டில் விடையை எழுதுவதைவிட, எந்தக் குறிப்பில் தொடங்கியிருக்க வேண்டும், எத்தனையாவது நிமிடத்தில் எழுந்து வந்திருக்க வேண்டும் என்ற இரண்டை மட்டும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஐந்து புதிர், 40 நிமிடம், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு.