துளி விழுந்தால் பொருள் மாறும்

திகில் படத்தின் தலைப்பெழுத்தை மலிவான வித்தை என்று ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. கூர்முனைகளும் கீறல்களும் வழியும் குருதியும் கொண்ட எழுத்துருக்கள் ஆய்வுக்குரியனவாகக் கருதப்படுவதில்லை. ஆயினும் 1920இல் வெளியான 'தி கேபினட் ஆஃப் டாக்டர் கலிகாரி' என்ற ஜெர்மானிய மௌனப்படத்தில், கோணலாகத் தீட்டப்பட்ட அரங்குகளைப் போலவே உரை அட்டைகளின் எழுத்துகளும் முறிந்து கூர்மையுற்றிருந்தன. ஒரு காட்சியில் சொற்கள் வெளியெங்கும் தோன்றி மருத்துவரைச் சூழ்ந்துகொள்கின்றன. அங்கு எழுத்தே பித்தின் உருவமாகிறது.

இந்தியாவுக்கும் இத்தகைய மரபு உண்டு. ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்' (1984), 'வீரானா' (1988) போன்ற இந்திப் படங்கள் வெளிவந்த காலத்தில், தலைப்புகளைச் சுவரொட்டி ஓவியர்கள் கையால் தீட்டினர். கணினி வந்தபின் அக்கை ஓய்ந்தது. அவ்விடத்தை நிரப்பியவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துருக்களே.

காரணம் எளிது. ஆங்கிலத்தில் 26 பெரிய எழுத்துகளை வரைந்தால் ஒரு தலைப்பு எழுத்துரு ஏறக்குறைய ஆயத்தமாகிவிடும். தமிழில் உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டுமே 36 தனி வடிவங்கள் வேண்டும். தேவநாகரியின் கூட்டெழுத்துகளோ நூற்றுக்கணக்கானவை. எனவே வழக்கமான எழுத்துருவொன்றை எடுத்து, அதன்மேல் முட்களையும் துளிகளையும் ஒட்டும் குறுக்குவழி பெருகிவிட்டது.

இந்திய எழுத்துகள் இந்தக் குறுக்குவழிக்கு இடம் தருவதில்லை. தமிழில் 'பல' என்ற சொல்லின் இறுதி எழுத்தின்மேல் ஒரு குருதித்துளி தெறித்தால் அது 'பல்' ஆகிவிடும். தேவநாகரியின் தலைக்கோட்டிலிருந்து வழியும் நீண்ட தாரை நெடில் குறியாகத் தோன்றும்; 'குறைவு' எனப் பொருள்படும் 'கம்', 'வேலை' எனப் பொருள்படும் 'காம்' ஆகத் திரியும். ஆங்கில எழுத்தில் வெறும் அணியாக நிற்பது இங்கே இலக்கணமாகிவிடுகிறது. அச்சமூட்டும் எழுத்தை வரைபவர், எங்கே சிதைக்கலாம், எங்கே தொடக்கூடாது என்பதை அறிந்திருக்க வேண்டும். அம்மொழியைப் படிக்கத் தெரிந்த ஓவியருக்கு அது இயல்பாகவே தெரிந்திருந்தது.

அச்சத்துக்குக் கூர்முனைகள் கட்டாயமா என்று கேட்கலாம். கட்டாயமில்லை. 2016இல் வெளிவந்த 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் தலைப்பு, 1970களில் உருவான 'ஐடிசி பென்கியட்' எழுத்துருவில் அமைந்தது. அதில் ஒரு முள்கூட இல்லை. ஆனால் அத்தகைய தெரிவைச் செய்யப் பலவகை எழுத்துருக்கள் முன்னரே கைவசம் இருக்க வேண்டும். இந்திய மொழிகளுக்கு அந்தச் செல்வம் இன்னும் வாய்க்கவில்லை.

படத்துக்குப் பெருந்தொகை செலவிடும் தயாரிப்பாளர், தலைப்பெழுத்தை வரைபவருக்கும் உரிய ஊதியம் ஒதுக்க வேண்டும். வடிவமைப்புக் கல்வி நிறுவனங்கள் பழைய சுவரொட்டிகளின் எழுத்துகளைப் பாடமாக்க வேண்டும். இல்லையேல், தன் மொழியை மட்டுமே படிக்கத் தெரிந்த பார்வையாளருக்குத் தலைப்பு வெறும் படமாகவே எஞ்சும். பேய் அவர் மொழியில் பேசும். அதன் பெயரை மட்டும் அவரால் படிக்க இயலாது.