மூன்று வருஷம் இருந்தால் ஓட்டு



சான் ரமோன் ஒரு தனி நகராட்சியானது 1983 ஜூலை 1ஆம் தேதி. அதே மாதத்தின் கடைசி வாரத்தில் கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதே வருஷம் நோர்வே தன் தேர்தல் விதிகளில் ஒரு மாற்றம் செய்தது: மூன்று வருஷம் சட்டப்படி குடியிருந்தவர், எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், உள்ளூராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம்.

இந்த மூன்றையும் யாரும் சேர்த்துத் திட்டம் போடவில்லை. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் சில வருஷங்களிலேயே சந்தித்துக்கொண்டன, நம்மில் பலர் வரைபடத்தில்கூடத் தேடியிராத சில மீன்பிடி ஊர்களில். அங்கே போய்விட்டு சான் ரமோனுக்குத் திரும்பி வருவோம்.

நோர்வேயின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மாகாணம் பின்மார்க். பரப்பில் டென்மார்க்கைவிடப் பெரியது. மக்கள்தொகை சுமார் 75,000. சான் ரமோன் ஒன்றிலேயே 2020 கணக்கெடுப்பில் 84,605 பேர்! அந்த மாகாணத்தின் வாரங்கர் தீபகற்பத்தில், பேரன்ட்ஸ் கடலைப் பார்த்தபடி இருக்கிறது போட்ஸ்பியூர் என்ற கொம்யூனே. (கொம்யூனே என்றால் அங்கே வெறும் உள்ளூராட்சி. பாரிஸை நினைத்து உற்சாகப்பட வேண்டாம்.) இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். மரமில்லாத மேட்டுநிலத்தைக் கடந்து வரும் ஒரே சாலை. பனிப்புயல் அடித்தால் அதையும் மூடிவிடுவார்கள். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் உதிக்காது. மே நடுவிலிருந்து ஜூலை கடைசிவரை மறையாது. இவ்வளவு வடக்கில் இருந்தும் துறைமுகம் உறையாது, அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் அதைப் பார்த்துக்கொள்கிறது. அந்த உறையாத நீரும் அதில் வரும் காட் மீனும் இல்லையென்றால் அங்கே ஊரே இல்லை.

1944 இலையுதிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை பின்மார்க்கைக் கொளுத்திக்கொண்டே போனது. வீடு, பள்ளி, படகுத்துறை எதையும் விடவில்லை; மக்களைக் கட்டாயமாகத் தெற்கே ஏற்றினார்கள். இதே கொம்யூனேயைச் சேர்ந்த ஹம்னிங்பெர்க் அந்தத் தீயிலிருந்து தப்பிய மிகச் சில ஊர்களில் ஒன்று. ஆனால் 1960களில் அங்கிருந்தவர்கள் அரசின் உதவியோடு வேறு ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். சிறிய ஊர்களைக் கலைத்துப் பெரிய துறைமுகங்களில் ஆட்களைச் சேர்ப்பது அந்தக் காலத்துத் திட்டம். ராணுவம் எரிக்காமல் விட்டதைத் திட்டமிடல் காலி செய்தது. பழைய மரவீடுகள் இன்னும் நிற்கின்றன, கோடையில் மட்டும் ஆள் வரும்.

யாருடைய ஊர் அது என்று கேட்டால் பதில் ஒரே வரியில் வராது. சாமி மக்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே இருக்கிறார்கள். ஃபின்னிஷ் வேர் கொண்ட க்வேன் மக்கள், நோர்வேக்காரர்கள், எல்லை தாண்டி வந்த ரஷ்யர்கள் என்று கலந்த கரை அது. சாமி, க்வேன் பிள்ளைகளின் மொழியைப் பள்ளிக்கூடத்தில் வைத்தே அழிக்கிற வேலையை நோர்வே அரசு தலைமுறைக் கணக்கில் செய்தது. மீன் ஆலைகள் பெருகியபோது ஃபின்லாந்திலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள், பெரும்பாலும் பெண்கள். 1980களில் வந்தது நம்ம ஆட்கள்.

புலம்பெயர்ந்தோர் வரலாறு என்று நாம் சொல்லிக்கொள்வதில் டொரொன்டோ வரும், லண்டன் வரும், ஒஸ்லோகூட வரும். மீன் வெட்டும் மேசை வருவதில்லை. குருநகர்க்காரரான அந்தோனி ராஜேந்திரம் 1956இல் நோர்வே போனதும், பிறகு காரைநகரில் சீநோர் திட்டம் வந்ததும் ஓரளவு தெரியும். அவருக்குப் பிறகு மாணவர்களாகச் சிலர், 83க்குப் பிறகு அகதிகளாகப் பலர். அவர்களில் நிறையப் பேர் பின்மார்க்குக்குப் போனதற்குக் காரணம் எளிது: உள்ளூர் இளைஞர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள், ஆலைக்குக் கை தேவைப்பட்டது, மொழி தெரியாமலே செய்யக்கூடிய வேலை அது. குளிர்ந்த ஈரத் தரையில் நாள் முழுக்க நின்று காட் மீனைத் தோலுரித்து முள்ளெடுத்து அடுக்குகிற வேலை. மீன் தொழிலைச் சாதியாகப் பார்த்துத் தள்ளிவைத்த வீடுகளிலிருந்து வந்தவர்களும் அந்த மேசையில் நின்றார்கள். யாழ்ப்பாணத்துக்கு எழுதிய கடிதங்களில் எத்தனை பேர் அதைச் சொல்லியிருப்பார்கள் என்பது வேறு கதை.

அந்த வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தவர் ஆன் சிக்ஃப்ரிட் கிரொன்செத் என்ற நோர்வே மானுடவியலாளர். பின்மார்க் கரையில் ஒரு மீன்பிடி ஊரில் தமிழர்களோடு இருந்து ஆய்வு செய்து, ஊரின் பெயரை மாற்றிப் புத்தகமாக எழுதினார். தமிழர்கள் சுகாதார நிலையத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள்: உடம்பு வலி, தலைவலி, அசதி. பரிசோதித்தால் நோய் எதுவும் பிடிபடவில்லை. அந்த வலியை வெறும் தசைவலியாக அவர் பார்க்கவில்லை. சொந்தபந்தம், கோயில், கொண்டாட்டம் எல்லாம் அறுந்த இடத்தில் ஒரு மனுஷருக்குத் தான் யார் என்பதே தளர்ந்துபோவதோடு சேர்த்துப் படிக்கிறார். எனக்கு அந்த வாதம் பெரும்பாலும் சரியாகப் படுகிறது. ஆனால் வேலையின் வேகத்தையும் குளிரையும் கொஞ்சம் அதிகமாகவே கணக்கில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். பண்பாட்டுக்கு முன்னாலேயே தோள்பட்டை தேய்கிறது.

1990களில் பலரும் தெற்கே கிளம்பினார்கள். பிள்ளைகளின் படிப்பு, ஒஸ்லோவில் தமிழ்ப் பள்ளி, கோயில். மீன் நிலவரமும் சேர்ந்துகொண்டது. 1989இல் காட் வளம் சரிந்ததால் கரையோர மீன்பிடிப்பை நடுவிலேயே நிறுத்தினார்கள்; 1990 முதல் படகுக்குப் படகு கோட்டா. காலப்போக்கில் கோட்டா படகோடு சேர்ந்து விலைபோகும் சொத்தானது, பணமுள்ளவர் பக்கம் குவிந்தது. ஊருக்கு எதிரே நீந்தும் மீன் ஊருக்குச் சொந்தமில்லை என்றாகிவிட்டது. மேசையில் தமிழர் விட்ட இடத்துக்கு ரஷ்யர்கள், பிறகு லித்துவேனியர்கள், போலந்துக்காரர்கள்.

ஆக, ஓட்டுரிமை அவர்களை அங்கே பிடித்து வைக்கவில்லை. கோட்டாவை முடிவு செய்வது ஒஸ்லோ. கொம்யூனே சபைக்கு அதில் அதிகாரம் கிடையாது. இதை மறைத்துவிட்டு நோர்வே சொர்க்கம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் பாலர் பள்ளி, தொடக்கப் பள்ளி, முதியோர் பராமரிப்பு, தண்ணீர், நிலத் திட்டம் எல்லாம் கொம்யூனே கையில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருஷம் மீன் வெட்டிய ஒருவருக்கு, குடியுரிமை கிடைக்கும் முன்பே, அந்தச் சபைக்கு யார் வரவேண்டும் என்பதில் ஒரு வாக்கு இருந்தது. விரும்பினால் வேட்பாளராகவும் நிற்கலாம்.

இப்போது சான் ரமோன். டௌஹர்ட்டி வேலியில் ஒரு தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். எச்-1பி விசாவில் வந்து, ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பால் கிரீன் கார்டு வரிசையில் பத்து வருஷத்துக்கும் மேலாகக் காத்திருப்பவர்கள் எத்தனை வீடுகளில்! வீட்டு வரி கட்டுகிறார்கள், பிள்ளைகள் இங்கேயே பிறந்து வளர்கிறார்கள், வேலை போனால் 60 நாளில் வேறு வேலையோ வேறு விசாவோ தேட வேண்டும். மீன் ஆலையின் குளிர் இல்லை, சம்பளம் எங்கேயோ இருக்கிறது. அதனால்தான் இவர்கள் தங்களைத் தொழிலாளி என்று நினைப்பதில்லை. ஆனால் இருப்பே முதலாளியின் கையெழுத்தில் தொங்குகிறது என்ற ஒரு விஷயத்தில், மனிதாபிமான அடிப்படையில் தங்க அனுமதி வாங்கிய அந்த ஆலைத் தொழிலாளியைவிட இவர்கள் பலவீனமானவர்கள். செவ்ரான் 2024 ஆகஸ்டில் தலைமையகத்தை ஹூஸ்டனுக்கு மாற்றுவதாக அறிவித்தபோது ஊரின் எதிர்காலம் பற்றி எல்லோரும் பேசினார்கள். அடுத்த நகரசபைத் தேர்தலில் அதைப் பற்றி வாக்களிக்க இவர்களுக்கு இடமில்லை.

இது அமெரிக்காவில் கேள்விப்படாத கோரிக்கையா? 1926இல் ஆர்கன்ஸா நிறுத்தும்வரை, குடியுரிமை இல்லாதவர்கள் வாக்களித்த மாநிலங்கள் இங்கே இருந்தன. மேரிலாந்தின் டகோமா பார்க் 1990களின் தொடக்கத்திலிருந்து நகரத் தேர்தலில் அனுமதிக்கிறது. சான் பிரான்சிஸ்கோ 2016இல் பெற்றோருக்குப் பள்ளி வாரியத் தேர்தலில் வாக்கு தந்தது. கீழ் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மீட்டது. குடிமக்கள் வாக்களிக்கலாம் என்று மாநில அரசியலமைப்பு சொல்வது மற்றவர்களுக்குப் போட்ட தடை ஆகாது, சொந்தச் சாசனமுள்ள நகரம் தன் தேர்தலைத் தானே விரிக்கலாம் என்பது அதன் வாதம். சான் ரமோனும் சாசன நகரம்தான். நம்ம பள்ளி மாவட்டம் நகரத்துக்கு வெளியேயும் நீள்வதால் அங்கே இதே வழி அப்படியே செல்லாது; நகரசபைக்குச் செல்லும்.

தோல்விகளும் இருக்கின்றன. 2024 நவம்பரில் சான்டா ஆனா வாக்காளர்கள் இதே மாதிரி ஒரு யோசனையை நிராகரித்தார்கள். 2025 மார்ச்சில் நியூ யார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் நகரச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. அதைவிடக் கவலை, இன்றைய நிலையில் குடியுரிமை இல்லாதவர்களின் பெயர்ப்பட்டியல் ஒன்றை உருவாக்குவது. அது யார் கைக்குப் போகும்? கூட்டாட்சித் தேர்தலுக்குத் தவறுதலாகப் பதிவு செய்தால்கூட நாடுகடத்தல் வரை போகலாம். எனவே தனிப் பட்டியல், தனி வாக்குச்சீட்டு, மிகக் குறைந்த விவரம் என்பதெல்லாம் கோரிக்கையின் முதல் வரியிலேயே இருக்கவேண்டும். ஓட்டு கேட்கிறோம் என்று ஆட்களை ஆபத்தில் தள்ளக்கூடாது.

நம் குழுவுக்குள்ளேயே ஒரு எதிர்ப்பு உண்டு: இது ஒலோனி, பே மீவோக் மக்களிடமிருந்து பறித்த நிலம், இங்கே வந்தேறிகளுக்கு இன்னும் ஓட்டு கேட்பது எந்த ஊர் நியாயம்? நியாயமான கேள்வி. பின்மார்க்கில் இதற்கு அரைகுறையாக ஒரு பதில் இருக்கிறது. 1979 முதல் 1981 வரை ஆல்டா ஆற்று அணைக்கு எதிராகச் சாமி மக்கள் போராடினார்கள். அணை வந்தது, ஆனால் 1989இல் சாமி நாடாளுமன்றமும் வந்தது. 2005 சட்டப்படி மாகாண நிலத்தின் சுமார் 95 சதவீதம் ஒரு தனி அமைப்புக்கு மாறியது. அதன் வாரியத்தில் மூன்று பேரைச் சாமி நாடாளுமன்றமும் மூன்று பேரை மாகாண சபையும் நியமிக்கின்றன. போதுமா என்று சாமி மக்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் வந்தவரின் வாக்கும் மண்ணின் மக்களுடைய பங்கும் ஒன்றையொன்று தின்னவேண்டியதில்லை என்பது அங்கே தெரிகிறது. இங்கே நாம் நிலத்தை ஒப்புக்கொள்ளும் நாலு வரி வாசித்துவிட்டுக் கூட்டத்தைத் தொடங்குகிறோம்.

நகரசபையில் பேச இப்போதே வாக்கு தேவையில்லை. 1953 முதல் இருக்கும் பிரவுன் சட்டப்படி கலிபோர்னியாவில் உள்ளூராட்சிக் கூட்டத்தில் யாரும் எழுந்து பேசலாம். குடியுரிமை கேட்க மாட்டார்கள். ஆளுக்குச் சில நிமிஷம் கிடைக்கும். விசாவில் இருப்பவர்கள் பேசத் தயங்குவது இந்த நேரத்தில் புரிகிறது, அவர்களை வற்புறுத்த வேண்டாம். அவர்கள் எழுதித் தருவதை இங்கே பிறந்து பாஸ்போர்ட் வைத்திருக்கும் நாம் வாசிப்போம். சாசனத் திருத்தத்துக்கான வரைவை எழுத நால்வர் தேவை, சட்டம் படிப்பவர் ஒருவராவது இருந்தால் நல்லது. இந்த மடலுக்கே பதில் போடுங்கள்.