பை அகன்ற பின்னர்

குடற் புற்றுநோய்க்கோ விபத்துக் காயத்துக்கோ சத்திரசிகிச்சை பெற்று, வயிற்றில் திறக்கப்பட்ட செயற்கை மலவாயில் பை பொருத்தி மாதக்கணக்கில் வாழ்ந்த ஒருவருக்கு, குடலை மீள இணைக்கும் நாள் விடுதலை நாளாகவே தோன்றும். உறவினரும் அப்படியே எண்ணுகின்றனர். ஆனால், அன்று முதல் மலத்தை அடக்கிவைக்கும் பொறுப்பு குதவாயைச் சூழ்ந்துள்ள சுருக்குத்தசைகளிடம் திரும்புகின்றது. நெடுநாள் வேலையின்றி இருந்த அத்தசைகள் அதற்கு ஆயத்தமா என்ற கேள்வியை நாம் போதியளவு கேட்பதில்லை.

இத்தசைகள் இரண்டு. உட்தசை நமது விருப்பத்துக்குக் கட்டுப்படாது. உறக்கத்திலும் வாயிலை மூடிவைத்திருப்பது பெரும்பாலும் அதுவே. வெளித்தசையை நாமே இறுக்கலாம். பிரசவத்தின்போது ஏற்பட்ட பழைய கிழிவு, இடுப்பில் பாய்ந்த எறிகணைச் சிதறல், கதிர்வீச்சுச் சிகிச்சை என்பன இவற்றைப் பாதித்திருக்கலாம். பை உள்ளவரை அக்குறை வெளியே தெரிவதில்லை. தசை நன்றாயிருந்தாலும், மலக்குடலின் கீழ்ப்பகுதி அகற்றப்பட்டவருக்குத் தேக்கிவைக்கும் இடம் குறைந்துவிடுகின்றது. அடிக்கடி போகவேண்டியிருக்கும், அவசரம் பொறுக்காது.

நீர்வேலியில் வாழைத்தோட்டத்தை நம்பி வாழும் ஒருவரை நினைத்துப் பார்ப்போம். மலசலகூடம் வீட்டில், வேலை தோட்டத்தில். கிளினிக்குக்குப் பருத்தித்துறை வீதியில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் செல்லவேண்டும். அடக்கமுடியாதவருக்கு அந்தப் பயணமே பெருந்துன்பம். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போவதை அவர் தாமாகவே நிறுத்திக்கொள்வார். காரணத்தை மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்.

2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய்ச் சிகிச்சை வசதி விரிவடைந்தது. உயிரைக் காக்க அத்தனை தூரம் நடந்த சமூகம், காத்த உயிர் எப்படி வாழ்கின்றது என்று விசாரிக்கக் கூச்சப்படுவது விந்தையே.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. அழுத்தத்தை அளக்கும் கருவியும் ஸ்கானும் உள்ள இடத்தில் அவை உதவும். இல்லாத இடத்தில், பழகிய வைத்தியர் ஒருவரின் விரற்பரிசோதனையே தசையின் வலுவைப் பெருமளவு சொல்லிவிடும். காற்றை அடக்குவதுபோல் தசையை இறுக்கிச் சில விநாடிகள் வைத்துத் தளர்த்தும் பயிற்சியை, பை இருக்கும்போதே ஆரம்பிக்கலாம். இணைப்பின் பின்னர் நிலைமையை அறிய, டென்மார்க் ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட வினாத்தாளில் இருப்பவை ஐந்தே கேள்விகள். அத்தகைய கேள்விகளைத் தமிழில் கேட்கத் தாதியருக்கும், வீடுதேடிச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் பயிற்சி அளிக்கப்படவேண்டும் என நாம் கோருகின்றோம்.

தசை மிகவும் பலவீனமாயிருந்தால், பையை நிரந்தரமாக வைத்திருப்பதே சிலருக்கு மேலான வாழ்வைத் தரும். அதையும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே, நோயாளியுடனும் குடும்பத்தினருடனும் வைத்தியர்கள் மனம்விட்டுப் பேசவேண்டும். கையொப்பம் வாங்கும் அவசரத்தில் அல்ல.