முதலில் ஆட்கள், அப்புறம் சரக்கு

இன்ஜினியரிங் கடைசி வருஷம் வந்துவிட்டால் வகுப்புக்கு நாலு பேராவது சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிக்கும் கனவில் இருக்கிறார்கள். எல்லோருடைய திட்டமும் ஒன்றுதான். ஒரு ஐடியா, ஒரு அறை, இரண்டு லேப்டாப், ஒரு வருஷம் ராத்திரி பகலாக கோடிங். எல்லாம் முடிந்த பிறகு வாடிக்கையாளரைத் தேடிப் போவது. இந்த வரிசையே தப்பு. முதலில் ஆட்களைச் சேர்க்க வேண்டும், சரக்கு அப்புறம்.

ஏதோ மேனேஜ்மென்ட் குருக்களின் பொன்மொழி மாதிரி இருக்கிறதா? நடந்த கதைகளைப் பாருங்கள்.

மைக்ரோசாஃப்டில் எக்ஸெல் குழுவில் இருந்த ஜோயல் ஸ்போல்ஸ்கி, 2000ல் நியூயார்க்கில் மைக்கேல் பிரையரோடு சேர்ந்து ஃபாக் க்ரீக் என்ற சின்ன கம்பெனியைத் தொடங்கினார். அதே வருஷம் இணையத்தில் கட்டுரைகளும் எழுத ஆரம்பித்தார். தன் சரக்கைப் புகழ்ந்து அல்ல. ப்ரொகிராமரை வேலைக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது, பழைய கோடைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதுவது ஏன் ஆபத்து... இப்படி, படிக்கிறவருக்கு மறுநாள் ஆபீஸில் உதவுகிற விஷயங்கள். ஃபாக்பக்ஸ் என்ற அவருடைய பக் ட்ராக்கருக்கு அந்த வாசகர் வட்டமே பெரிய விளம்பரமாக அமைந்தது.

2008ல் அவரும், ப்ரொகிராமர்கள் நடுவே அதே மாதிரி பிரபலமாக இருந்த ஜெஃப் அட்வுட்டும் சேர்ந்தார்கள். தளத்துக்கு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற பெயர்கூட வாசகர்கள் ஓட்டுப் போட்டு வைத்ததுதான். கட்டும்போதே பாட்காஸ்டில் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். கேள்வி-பதில் தளத்துக்குக் கண்டமே ஆரம்ப நாட்கள்தான். பதில் சொல்ல ஆளில்லை என்றால் கேட்க ஆள் வராது, கேள்வி இல்லை என்றால் பதில் சொல்பவர் தங்க மாட்டார். செப்டம்பரில் கதவு திறந்தபோது இரண்டு தரப்பும் ஏற்கெனவே வாசலில் நின்றன.

இதற்கு நேர் எதிர் கதை கலர். பக்கத்தில் இருப்பவர்களோடு படங்களைப் பகிரும் ஆப். 2011ல் 4.1 கோடி டாலர் முதலீட்டோடு வந்தது. பக்கத்தில் வேறு யாரும் அதை வைத்திருக்கவில்லை என்றால் திரையில் பார்க்க ஒன்றுமே இருக்காது. 2012 முடிவதோடு கடையை மூடிவிட்டார்கள். பணம் இருந்தது, திறமை இருந்தது. ஆள்தான் இல்லை.

"சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் எந்தக் கூட்டத்தைச் சேர்த்தது?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. 2010ல் ஜென்டெஸ்க் விலையைக் கூட்டியபோது அதன் வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். ஹேக்கர் நியூஸில் அந்தக் கொதிப்பைப் படித்ததுதான் தூண்டுதல் என்று கிரிஷ் மாத்ருபூதம் சொல்லியிருக்கிறார். அதாவது கூட்டம் வேறோர் இடத்தில் கூடியிருந்தது, அவர் அதை அடையாளம் கண்டார். அதற்கும், அந்தத் தொழிலில் வருஷக்கணக்கில் ஊறியிருக்க வேண்டும். கல்லூரியை விட்டு வருகிறவருக்கு அந்த அனுபவம் கிடையாது. கூட்டத்தோடு பழகித்தான் சம்பாதிக்க வேண்டும்.

கூட்டம் என்றால் தலை எண்ணிக்கை அல்ல. மீம் போட்டு பத்தாயிரம் பேரைச் சேர்க்கலாம், அவர்களில் ஒருவரும் சாஃப்ட்வேர் வாங்க மாட்டார். ஒரே தலைவலி உள்ள ஐம்பது பேர் போதும். மருந்துக்கடை ஸ்டாக் கணக்கு பற்றிய சாஃப்ட்வேர் என்றால் ஐம்பது மருந்துக்கடைக்காரர்கள். அவர்களுக்கு எக்ஸெல் ஷீட் போட்டுக் கொடுங்கள், சந்தேகத்தைத் தீர்த்து வையுங்கள். ஆறு மாதத்தில் என்ன கட்ட வேண்டும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். யாருமே சொல்லவில்லை என்றால் அதுவும் லாபம்தான். வீணாகப் போக இருந்த ஒரு வருஷம் மிச்சம்.

ஆனால் பலரும் பேசாத ஒன்று உண்டு. சேர்த்த கூட்டம் சொத்து அல்ல, கடன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2021ல் 180 கோடி டாலருக்கு ப்ரோசஸ் நிறுவனத்திடம் விற்கப்பட்டது. பதில்களை எழுதிக் குவித்தவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். 2023ல் அதன் தன்னார்வ மாடரேட்டர்கள் பலர் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024ல் ஓப்பன்ஏஐ-யோடு ஒப்பந்தம் வந்தபோது சிலர் தங்கள் பதில்களையே அழிக்கப் பார்த்தார்கள். அந்தப் பதில்கள் திரும்ப வைக்கப்பட்டன, சில கணக்குகள் தற்காலிகமாக முடக்கப்பட்டன. உழைத்துக் கொடுத்தவருக்கு, தன் பேச்சுக்கு அங்கே மதிப்பில்லை என்று தோன்றிவிட்டால் இப்படித்தான் முடியும்.

ஆகவே கடை திறக்கும் முன்பே ஆட்களைச் சேர்க்க நினைப்பவர்கள், இன்னொன்றையும் முன்பே முடிவு செய்வது நல்லது. நாளைக்கு லாபம் வந்தால் இந்த ஐம்பது பேருக்கு என்ன தரப் போகிறோம்? விலையில் சலுகையா, முடிவுகளில் குரலா, தங்கள் டேட்டாவை எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமையா? அதை முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லத் தயங்குகிறவர்கள் கூட்டம் சேர்க்காமல் இருப்பதே மேல்.