பேப்பர் போடுறவருக்கு முதலாளி யாரு? அடிபட்டால் நஷ்டஈடு யார் தருவது?

மதுரை:

விடியற்காலை 4 மணி. பெரியார் பஸ் நிலையம் பக்கம் வேன் வந்து நிற்கிறது. பேப்பர் கட்டுகள் பொத் பொத்தென்று கீழே விழுகின்றன. ரோட்டோரம் உட்கார்ந்து கயிற்றை அறுத்து, எண்ணி, இணைப்பை உள்ளே சொருகி, சைக்கிளிலும் மொபட்டிலும் அடுக்குகிறார்கள். 5 மணிக்கெல்லாம் ஆளுக்கு ஒரு திசை. நீங்க எழுந்து கதவைத் திறக்கும்போது வாசலில் பேப்பர் கிடக்கும். போட்டது யார் என்று பல வீட்டில் தெரியாது.

அவருக்கு முதலாளி யார் என்பது சட்டத்துக்கும் சரியாகத் தெரியவில்லை என்பதுதான் விஷயமே.

ஒரு உதாரணம்

இருட்டில் போகும்போது ஒரு லாரி இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கால் முறிவு. 3 மாசம் படுக்கை. வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். யாரிடம் போய்க் கேட்பது?

பத்திரிகை ஆபீசில் கேட்டால், "அவர் எங்க ஆள் இல்லை. நாங்க ஏஜெண்டுக்கு பேப்பர் விற்கிறோம், அவ்வளவுதான்" என்று சொல்ல வழி இருக்கிறது. ஏஜெண்டிடம் கேட்டால், "அவர் என்னிடம் சம்பளத்துக்கு இல்லை. லைனுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார்" என்று சொல்லலாம். நடுவில் சப்-ஏஜெண்டு இருந்தால் இன்னும் ஒரு கை மாறும். கடைசியில் அடிபட்டவர் தலையில்தான் விடிகிறது.

ஏஜெண்டை மட்டும் குறை சொல்லிவிடவும் முடியாது. அவர் டெபாசிட் கட்டி பேப்பர் எடுக்கிறார். வாடிக்கையாளர் பணம் தராவிட்டாலும் கம்பெனிக்கு அவர் கட்டியாக வேண்டும். வீடு மாறிப் போனவர் வைத்த பாக்கியும் அவர் கணக்கில்தான். பையன் ஒருநாள் வரவில்லை என்றால் அவரே சைக்கிளை எடுக்கிறார். பெரிய முதலாளி என்று சொல்கிற அளவுக்கு பல ஏஜெண்டுகள் இல்லை.

பேப்பருக்கு உரிமை உண்டு

பேப்பரை விநியோகம் செய்ய சட்டத்தில் பாதுகாப்பு இல்லையா? நிறையவே இருக்கிறது. 1950-ல் நம்ம மெட்ராஸ் மாநில அரசு "கிராஸ் ரோட்ஸ்" என்ற பத்திரிகையை இங்கே வரக்கூடாது என்று தடை போட்டது. பத்திரிகை நடத்திய ரொமேஷ் தாப்பர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். பத்திரிகையை மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் பேச்சுரிமையில் அடங்கும் என்று கோர்ட்டு சொன்னது. தடை செல்லாமல் போனது.

2020 கொரோனா ஊரடங்கிலும் இதே கதைதான். பேப்பர் மூலம் நோய் பரவும், அச்சடிப்பதை நிறுத்த வேண்டும் என்று சென்னை ஐகோர்ட்டில் வழக்கு போட்டார்கள். 2020 ஏப்ரலில் அது தள்ளுபடி ஆனது. பத்திரிகை சுதந்திரம் முக்கியம் என்பது கோர்ட்டின் கருத்து.

நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் அந்த சுதந்திரத்தை சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போனவருக்கு கூலி எவ்வளவு, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்பது அந்த வழக்குகளில் இருந்த கேள்வி இல்லை. பேப்பர் ஊர் சுற்ற உரிமை இருக்கிறது. அதைச் சுமப்பவர் பாடு தனி.

சம்பள வாரியம் யாருக்கு?

பத்திரிகை ஊழியர்களுக்கு என்றே 1955-ல் தனிச் சட்டம் வந்தது. அதன்படி சம்பள வாரியங்கள் போட்டார்கள். கடைசியாக வந்தது மஜீதியா வாரியம். 2011-ல் அரசு அதை அறிவித்தது. முதலாளிகள் எதிர்த்து வழக்கு போட்டார்கள். 2014 பிப்ரவரி 7-ந் தேதி செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது.

இதெல்லாம் பத்திரிகை நிறுவனத்தின் ஊழியர்களுக்கு. நிருபர் வருவார், அச்சுக்கூடத்து ஆள் வருவார். ஏஜெண்டிடம் லைன் எடுத்து பேப்பர் போடுகிறவர் நிறுவனத்தின் ஊழியர் கணக்கில் வரமாட்டார். தமிழக அரசு 2021-ல் அறிவித்த பத்திரிகையாளர் நல வாரியமும் பத்திரிகையாளர்களுக்கானதுதான்.

2025 நவம்பர் 21-ந் தேதி முதல் மத்திய அரசின் 4 தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1955-ம் வருஷ சட்டமும் அதற்குள் போய்விட்டது. புதிய தொகுப்பில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டியது.

ஒன்று, குறைந்தபட்ச கூலி. முன்பு அரசு பட்டியலில் இருந்த தொழில்களுக்கு மட்டும்தான் அது. இப்போது எல்லா வேலைக்கும் உண்டு. ஆனால் "நான் இவரிடம் வேலை பார்க்கும் ஊழியர்" என்று காட்ட வேண்டும். வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தரும் விதிக்கும் இதே கதவுதான். முதலில் முதலாளி யார் என்று சொல்லு என்கிறது சட்டம்.

இன்னொன்று, ஆப் மூலம் வேலை செய்கிறவர்கள். சாப்பாடு கொண்டுவரும் தம்பிக்கு புதிய தொகுப்பில் தனியாகப் பெயர் இருக்கிறது. கம்பெனி தன் வியாபாரத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை அவர்கள் சமூகப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தமிழகத்தில் 2023-ல் இவர்களுக்கு தனி நல வாரியமும் அமைத்தார்கள். ஆனால் பேப்பர் போடுகிறவரிடம் ஆப் இல்லை. வீட்டு நம்பர் எழுதிய நோட்டுதான் இருக்கிறது. அதனால் அந்தப் பட்டியலில் அவர் இடம் பிடிப்பது கஷ்டம். இத்தனைக்கும் வீட்டு வாசலுக்கு சாமான் கொண்டுபோகும் வேலையை முதலில் செய்தவர்களில் ஒருவர் இவர்தான்.

தையல்காரர் வழக்கு

அப்படியானால் வழியே இல்லையா? ஒரு பழைய தீர்ப்பு இருக்கிறது. ஆந்திராவில் ஒரு தையல் கடையில் துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கித் தைத்தவர்கள் கடை ஊழியர்களா என்று வழக்கு வந்தது. இஷ்டப்பட்ட நேரம் வரலாம், போகலாம். வேறு கடைக்கும் தைக்கலாம். அப்படியிருந்தும், தைத்தது சரியில்லை என்றால் திருப்பித் தைக்கச் சொல்லும் அதிகாரம் கடைக்காரரிடம் இருக்கிறது, ஆகவே அவர்கள் ஊழியர்கள்தான் என்று 1973-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது.

பேப்பர் லைனையும் இப்படிப் பார்க்கலாம். எந்தத் தெரு, எந்த வீடு, எத்தனை மணிக்குள் என்று சொல்வது ஏஜெண்டு. பேப்பர் நனைந்துவிட்டது என்று புகார் வந்தால் திரும்பப் போடச் சொல்வதும் அவர்தான். லைனுக்கு காசு வாங்குகிறார் என்பதாலேயே ஊழியர் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அதற்கு சாட்சியம் வேண்டும். நம்ம ஊரில் வாய்ப்பேச்சில் நடக்கும் தொழில் இது. துண்டுச் சீட்டு கூட இருக்காது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள்

பேப்பர் போட்ட பையன் என்றாலே அப்துல் கலாம் ஞாபகம் வரும். இரண்டாம் உலகப்போர் சமயம் ராமேஸ்வரத்தில் ஓடும் ரயிலில் இருந்து வீசிய பேப்பர் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்தவர், பிற்பாடு ஜனாதிபதி ஆனார். நல்ல கதை. ஆனால் இன்றைக்கு சட்டம் வேறு.

2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயது முடியாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது. பள்ளி நேரம் போக சொந்தக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று விலக்கு உண்டு. மீறினால் 6 மாசம் முதல் 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 20 ஆயிரம் முதல் 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். 14 வயதுக்கு மேல் ஆனால் சரி என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில், 17 வயது முடியாதவர்களை காலை 6 மணிக்கு முன்பு வேலை வாங்கக்கூடாது என்று இருக்கிறது. பேப்பர் வேலையோ 6 மணிக்கு முன்பே பாதி முடிந்துவிடும். டியூஷன் பீஸுக்கு ஆகட்டுமே என்று பிள்ளையை அனுப்பும் பெற்றோரும் இதை யோசிக்க வேண்டும்.

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

முதலாளி யார் என்று கோர்ட்டு தீர்மானிக்கும் வரை வயிறு காத்திருக்காது. முதலாளி பெயர் இல்லாமலே கிடைக்கிற பாதுகாப்பு சில இருக்கிறது.

* மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் சேருவது பற்றி விசாரியுங்கள். 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். விபத்து மரண உதவி, பிள்ளைகள் படிப்பு உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம் உண்டு. மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் செய்து வையுங்கள்.

* பேங்கிலோ தபால் ஆபீசிலோ கணக்கு இருந்தால் வருஷத்துக்கு 20 ரூபாயில் விபத்து காப்பீடு போடலாம். 18 முதல் 70 வயது வரை. விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஒரு டீ, ஒரு வடை காசு.

* வண்டி மோதினால் உடனே போலீசில் புகார் கொடுங்கள். "பரவாயில்ல, சின்ன அடி" என்று வீட்டுக்குப் போனால் பின்னால் கேஸ் நிற்காது. வண்டி தெரிந்தால் விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்தில் வழக்கு போடலாம். முதலாளி யார் என்ற கேள்வி அங்கே தடை இல்லை. 6 மாசத்துக்குள் மனு போட்டுவிடுவது நல்லது.

* இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் 2022 ஏப்ரல் முதல் அரசுத் திட்டத்தில் பலத்த காயத்துக்கு 50 ஆயிரம், உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் உண்டு. முதல் 48 மணி நேர சிகிச்சைக்கு 2021-ல் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டமும் இருக்கிறது.

* லைன் காசை கையில் வாங்காமல் போனிலோ பேங்கிலோ வாங்குங்கள். வீட்டு நோட்டை பத்திரமாக வையுங்கள். நாளைக்கு வருமானத்துக்கு சாட்சி அதுதான்.

பக்கத்து மாநிலம்

கர்நாடகத்தில் பேப்பர் போடுகிறவர்கள் பெயரிலேயே விபத்து மற்றும் மருத்துவ உதவித் திட்டம் இருக்கிறது. இ-ஷ்ரம் பதிவு இருந்தால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். அங்கே முதலாளி யார் என்று கேட்கவில்லை. என்ன வேலை பார்க்கிறாய் என்று மட்டும் கேட்டார்கள். "பேப்பர் போடுறேன்" என்றால் போதும்.

அதே கேள்வியை இங்கேயும் கேட்டால் போதும். சங்கம் வைத்துப் பேசுகிறவர்களும், சட்டசபையில் தொழிலாளர் துறை மானியம் வரும்போது பேசுகிற எம்.எல்.ஏ.க்களும் இதை எடுக்கலாம். அவர்கள் வாசலிலும் தினமும் காலையில் பேப்பர் கிடக்கத்தான் செய்கிறது.

ஊர் நியாயம் எல்லாம் எழுதுகிற பத்திரிகைத் தொழில், தன் வாசலில் நிற்கிறவர் நியாயத்தை எழுதுவது குறைவு. நாளைக்கு காலையில் பேப்பர் போடுகிறவரைப் பார்த்தால் பேரைக் கேளுங்கள். வாரியத்தில் பதிந்தாச்சா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.